குற்றவாளி கொலஸ்ட்ரால் மாத்திரை இல்லை, அக்கா

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து 64 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்:

"தம்பி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். போன மாதம் ராத்திரி மூன்று மணிக்கு பாத்ரூமுக்குப் போனபோது வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து முதுகெலும்பில் மைனஸ் 2.7, எலும்புத் தேய்மானம் என்று சொன்னார்கள். கோயிலில் ஒரு தோழி, கொலஸ்ட்ரால் மாத்திரைதான் எலும்பை அரிக்கிறது என்றார், வாட்ஸ்அப்பிலும் அப்படியே வந்தது. மூன்று வாரமாக அதை நிறுத்திவிட்டேன். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தாடை எலும்பு அழுகும் என்று படித்தேன், தொடவே பயம். வீட்டுக்காரர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், அவர் எலும்பும் போய்விடுமா? வருகிற தைப்பூசத்துக்கு நான் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏற முடியுமா?"

கூடவே மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறார், இப்படி எல்லாரும் அனுப்பினால் என் வேலை பாதியாகக் குறையும். பத்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன்.

அக்கா, முதலில் அவசரமான விஷயம். உங்கள் கொலஸ்ட்ரால் மாத்திரை, அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், அதை நிறுத்தியது தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஸ்டென்ட் வைத்த ஒருவர் அந்த மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கெட்ட கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அது ஏறுவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது, வலிக்காது, மயக்கம் வராது. கிளினிக்குக்கு ஃபோன் போட்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டு இன்று இரவே திரும்ப ஆரம்பியுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். மறைத்தால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருப்பதைப் பார்த்து, மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து டோஸை இன்னும் கூட்டிவிடப் போகிறார்கள்.

ஸ்டாட்டின், அதாவது உங்கள் கொலஸ்ட்ரால் மாத்திரையின் குடும்பம், எலும்பை அரிக்கிறது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதே ஒரு வேடிக்கை, ஏனென்றால் முதலில் வந்த செய்தி நேர்மாறானது. 1999-ல் எலிகளுக்கு ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் எலும்பு வளர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் துள்ளிக் குதித்தார்கள், ஒரே மாத்திரையில் இதயமும் எலும்பும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையில் நியாயமும் இருந்தது. உடம்பு கொலஸ்ட்ராலைச் செய்கிற நீண்ட குழாய்வழி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஸ்டாட்டின் அந்தக் குழாயின் தொடக்கத்தில் அடைப்புப் போடுகிறது. உங்களுக்கு எலும்புக்கென்று கொடுத்திருக்கிறார்களே அலெண்ட்ரோனேட், நீங்கள் தொடப் பயப்படுகிற அந்த வாராந்திர மாத்திரை, அதே குழாயில் இன்னும் கொஞ்சம் கீழே அடைப்புப் போடுகிறது. அலெண்ட்ரோனேட் போய்ச் சேருகிற இடம் எலும்பு, ஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது, எலும்புக்கு மிகக் கொஞ்சம்தான் போகிறது. அதனால்தானோ என்னவோ, எலியிடம் தெரிந்த நன்மை மனிதரிடம் தெரியவில்லை. 17,802 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராமோ மருந்தில்லாத வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஜூபிடர் என்கிற பெரிய ஆய்வின் எலும்பு முறிவுக் கணக்கு 2015-ல் வெளிவந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முறிவு. காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

அப்புறம் 2019-ல் ஆஸ்திரியாவில் இன்ஷூரன்ஸ் பதிவுகளை அலசி, அதிக டோஸ் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் எலும்புப்புரை (உங்களுக்கு வந்திருப்பது) கூடுதலாகவும் குறைந்த டோஸ்காரர்களிடம் குறைவாகவும் இருந்ததாக எழுதினார்கள். கொலஸ்ட்ராலிலிருந்துதானே ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது, அதை ரொம்பக் குறைத்தால் எலும்புக்கு ஆகாதோ என்பது ஓர் ஊகம். உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தது இதன் எச்சமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது பதிவேட்டைப் பார்த்து எழுதியது, சீட்டுக் குலுக்கிப் பிரித்து மாத்திரை கொடுத்துப் பார்த்தது இல்லை. அதிக டோஸ் யாருக்குக் கொடுப்பார்கள்? ஏற்கெனவே நோய் முற்றியவர்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்கு, நடமாட்டம் குறைந்தவர்களுக்கு. அவர்கள் எலும்பு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். அதை வைத்து ஸ்டென்ட் உள்ளவர் ஸ்டாட்டினை விடுவது கூரையில் ஓட்டை என்று சொல்லி வீட்டையே இடிப்பது மாதிரி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஸ்டாட்டின் சிலருக்குத் தசை வலி கொடுக்கும், இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் அடித்துப்போட்டது போல. மருந்துக் கடையில் கவுன்டருக்கு வருகிற பாதிப் பேர் அதைத்தான் "எலும்பு குடையுது" என்பார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தசைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, மாத்திரையை மாற்றவும் வழி உண்டு. சிறுநீர் கறுத்த கோப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்புப்புரை உங்களை எச்சரிக்காது, முறிகிற வரைக்கும் அது வலிக்கவே வலிக்காது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது, நம் ஆட்கள் முழங்கால் தேய்மானத்தையும் "எலும்புத் தேய்மானம்" என்கிறார்கள், உங்களுக்கு வந்திருப்பதையும் அதே பெயரில் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. உங்களுடையது எலும்புப்புரை, எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே சல்லடையாவது. ஸ்கேனில் மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே அந்தப் பெயர்தான், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

சரி, இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

மேசையின் இடது ஓரத்தில் அரசாங்க கிளினிக்கின் பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் ஹைட்ரோகுளோரோதையசைடு, ஒன்றில் அம்லோடிபின் 10 மில்லிகிராம், ஒன்றில் அட்டோர்வாஸ்டாட்டின், ஒன்றில் ஆஸ்பிரின், ஒன்றில் பான்டோபிரசோல். வலது ஓரத்தில், கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், பெயரே ஒட்டாத சின்ன உறையில் வெள்ளை மாத்திரை. அதன் மேல் பேனாவால் "காக்கி பெங்காக்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கால் வீக்கம். மாத்திரையின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எனக்கு ஃபுரோசமைட் போலத்தான் தெரிகிறது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "கால் வீங்கியதற்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) உள்ள கிளினிக்கில் தண்ணி மாத்திரை கொடுத்தார்கள்." நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

நாம் "தண்ணி மாத்திரை" என்று ஒரே பெயரில் கூப்பிடுவது இரண்டு வேறு ஜாதி மாத்திரைகளை, எலும்பு விஷயத்தில் அவை ஒன்றுக்கொன்று எதிரி. ஹைட்ரோகுளோரோதையசைடு, தையசைடு வகை. அது சிறுநீரில் கால்சியம் போகவிடாமல் பிடித்து வைக்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களுக்கு, மற்ற இரண்டு ரத்த அழுத்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களைவிட, இடுப்பு எலும்பு முறிவு 21 சதவீதம் குறைவாக இருந்தது என்று ஆல்ஹாட் என்கிற பெரிய ஆய்வின் கணக்கு 2017-ல் வந்தது. அந்த மற்ற இரண்டில் ஒன்று அம்லோடிபின். ஃபுரோசமைட் இதற்கு நேர் எதிர், தண்ணீரோடு சேர்த்துக் கால்சியத்தையும் வெளியே அள்ளிக் கொட்டும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்த்தவருக்கு அது உயிர் காக்கிற மருந்து, அங்கே எலும்புக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. ஆனால் உங்கள் கால் ஏன் வீங்கியது?

என் ஊகம், அம்லோடிபின் 10. அந்த டோஸில் கணுக்கால் வீங்குவது ரொம்பச் சாதாரணம். அது உடம்பில் நீர் கூடியதால் வருகிற வீக்கம் இல்லை, சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து கீழே கசிவதால் வருவது, அதனால் தண்ணி மாத்திரை கொடுத்தால் பெரிதாக வடியாது. ஆக, ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அந்த மாத்திரை எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து, ராத்திரியில் உங்களை எழுப்பி, ஈர டைல்ஸில் நடக்கவைத்தது. பக்கத்துத் தாமான் டாக்டருக்கு உங்கள் அரசாங்க கிளினிக் மருந்துகள் தெரியாது, அரசாங்க கிளினிக்குக்கு இவர் கொடுத்தது தெரியாது. நடுவில் நீங்கள்.

இரண்டு தண்ணி மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். ஆகவே திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் உங்கள் வழக்கமான கிளினிக்கைக் கூப்பிட்டு, "இந்த மாத்திரையும் சாப்பிடுகிறேன், எனக்கு இது தேவையா, உப்பு அளவும் சிறுநீரகமும் பரிசோதிக்க வேண்டுமா" என்று கேளுங்கள். அம்லோடிபினைக் குறைத்து வேறு ஒன்று சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். நீங்களாக எதையும் குறைக்க வேண்டாம், ஒரு முறை செய்து பார்த்தாகிவிட்டது, போதும்.

அப்புறம் நேரம். "காலையில் பசாருக்குப் போவேன், வழியில் அவசரம் வந்தால் கஷ்டம், அதனால் கால்சியம் தவிர எல்லாவற்றையும் ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் அம்மாவும் இதையேதான் செய்தார். பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி பிடித்து அக்கா வீட்டுக்குப் போகிற நாளெல்லாம் தண்ணி மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளிவிடுவார். ஊர் முழுக்க எல்லாரையும் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிற நான், சொந்த அம்மாவைக் கேட்டதில்லை. நிலைப்படியில் கால் தட்டி விழுந்து நெற்றியில் ஆறு தையல் போட்ட பிறகுதான் கேட்டேன். தண்ணி மாத்திரை காலையில் போட வேண்டியது. பசார் போகிற நாளில் போய்வந்த பிறகு பத்து மணிக்குப் போட்டாலும் பரவாயில்லை, ஒன்றும் ஆகாது. அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரமும் போடலாம், ராத்திரி வசதி என்றால் ராத்திரியே இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இதய மருந்துகள் எலும்புக்குச் செய்கிற கெடுதலில் பெரிய பங்கு எலும்புக்குள் நடப்பதில்லை, பாத்ரூம் வாசலில் நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் முதியவர்களின் பதிவுகளைப் பார்த்து 2012-ல் எழுதியதில், ரத்த அழுத்த மருந்து புதிதாக ஆரம்பித்த முதல் 45 நாளில் இடுப்பு முறிவு 43 சதவீதம் கூடியிருந்தது. 45 நாளில் எலும்பு இளைக்காது. ஆள் தலைசுற்றி விழுகிறார், அவ்வளவுதான். ஆகவே டோஸ் மாற்றினால் முதல் இரண்டு மாதம் கட்டிலில் உட்கார்ந்து காலை நாலு தரம் ஆட்டிவிட்டுப் பிறகு எழுந்திருங்கள். பாத்ரூம் வாசலில் போட்டிருக்கிறீர்களே, மடங்கிய பழைய கைலியில் செய்த கால்மிதி, அதைத் தூக்கி எறியுங்கள். ராத்திரி விளக்கு ஒன்று பத்து ரிங்கிட்டுக்கும் கீழே கிடைக்கிறது. பத்தே ரிங்கிட், அக்கா.

அடுத்தது பான்டோபிரசோல், இந்த ஒன்றைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். ஸ்டென்ட் வைத்தபோது ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், அதற்குக் காவலாக இந்த அமிலம் குறைக்கும் மாத்திரை. நியாயம்தான். இப்போது உங்கள் மேசையில் குளோபிடோகிரல் இல்லை, காவல்காரர் மட்டும் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறார். இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கில் அல்லது அதிக டோஸில் சாப்பிடுவோருக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே எச்சரிக்கை சேர்த்தது. அபாயம் சின்னதுதான், பான்டோபிரசோலே காரணம் என்று நிரூபணமும் இல்லை. உங்களுக்கு முன்னே அல்சர் இருந்திருந்தால், ஆஸ்பிரின் தனியாக இருந்தாலும் இது தொடர வேண்டியிருக்கும், வயதும் கூடிக்கொண்டு வருகிறது. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்: "எனக்கு இது இன்னும் வேண்டுமா, பாதி டோஸ் போதுமா?" திடீரென்று நிறுத்தினால் அமிலம் எகிறி நெஞ்சு எரியும், நெஞ்சு எரிந்தால் நீங்கள் ஹார்ட் அட்டாக் என்று பயந்து எமர்ஜென்சிக்கு ஓடுவீர்கள்.

இதோடு ஒட்டிய சமாச்சாரம், உங்கள் கால்சியம். படத்தில் இருப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், நீங்களோ அமிலத்தைக் குறைத்துவிட்டு, வெறும் வயிற்றில், கோப்பியோடு விழுங்குகிறீர்கள். பாதிக் காசு வீண். சாப்பாட்டோடு போடுங்கள், அல்லது கால்சியம் சிட்ரேட் வாங்குங்கள், அதற்கு அமிலம் தேவையில்லை. அளவு கடக்கவும் வேண்டாம், தையசைடு ஏற்கெனவே கால்சியத்தைப் பிடித்து வைக்கிறது, மேலே அள்ளிப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1200 மில்லிகிராம் போதும். இக்கான் பிலிஸை (நெத்திலி) முள்ளோடு சாப்பிட்டாலே நல்ல பங்கு வந்துவிடும், நம் வீட்டில்தான் தலையைக் கிள்ளி முதுகை உரித்து முள்ளை எடுத்துவிட்டு, எஞ்சிய சதையைச் சம்பல் செய்து, பிறகு கால்சியம் மாத்திரைக்குப் பணம் கட்டுகிறோம். கழுவி ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே போகும். தௌஃபு, கேழ்வரகு, முருங்கைக் கீரை எல்லாம் கணக்கில் வரும். டின் பாலில் போட்ட தே தாரிக் (இழுத்த டீ) பெரிதாகக் கணக்கில் வராது, மன்னிக்கவும். வைட்டமின் டி-யும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற நாட்டில் குடை பிடித்தே நடப்பதால் நம் பெண்களிடம் அது குறைவு.

வாராந்திர அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம். தாடை எலும்புப் பிரச்சினை உண்மை, ஆனால் எலும்புப்புரைக்குக் கொடுக்கிற டோஸில் மிக மிக அபூர்வம், புற்றுநோய்க்கு ஊசியில் ஏற்றுகிற பெரிய டோஸில்தான் அது அதிகம். பல் பிடுங்க வேண்டியது ஏதாவது இருந்தால் முதலில் முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒருமுறை முறிந்த எலும்பு அடுத்த முறிவுக்கு முன்னறிவிப்பு, அடுத்தது இடுப்பாக இருந்தால் கதை வேறு. சாப்பிடுகிற முறைதான் முக்கியம்: வாரம் ஒரே கிழமை, எழுந்தவுடன், ஒரு முழுக் கிளாஸ் வெறும் தண்ணீர், கோப்பி இல்லை, மற்ற மாத்திரை எதுவும் கூட இல்லை, அரை மணி நேரம் படுக்கவோ குனியவோ கூடாது. படுத்தால் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். கால்சியத்தை அன்று மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். சிறுநீரகம் ரொம்பப் பலவீனமானவர்களுக்கு இந்த மாத்திரை கொடுப்பதில்லை, மேலே சொன்ன ரத்தப் பரிசோதனை இதற்கும் உதவும்.

வீட்டுக்காரர் விஷயம் சுருக்கமாக. வார்ஃபரின் வைட்டமின் கே-யை மடக்குகிற மருந்து, எலும்பின் ஒரு புரதம் வேலை செய்ய அந்த வைட்டமின் வேண்டும், அதனால் சந்தேகம் எழுவது இயற்கை. ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. ஹாங்காங்கில் 2017-ல் பார்த்ததில் டாபிகாட்ரான் என்கிற புதிய வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வார்ஃபரின்காரர்களைவிட முறிவு குறைவாக இருந்தது, ஆனால் எல்லாருக்கும் மாற்ற முடியாது, உலோகத்தில் செய்த செயற்கை இதய வால்வு வைத்தவருக்குக் கண்டிப்பாகக் கூடாது. அவருக்கு எது என்று அவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் கவலைப்படுவது வேறு, "வார்ஃபரின் என்பதால் கீரையே தொடுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கீரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். புதிதாக ஆரம்பிப்பதானால் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு (ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்ப்பது) முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக. அவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ரத்தம் இல்லாவிட்டாலும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும், நேரே ஆஸ்பத்திரி.

தண்ணீர்மலை. 513 படி. மணிக்கட்டு கட்டு அவிழ்ந்து, கையில் பிடிப்பு திரும்பி, மேலே சொன்ன தலைசுற்றல் விவகாரம் தீர்ந்து, இதய டாக்டர் சரி என்றால் ஏறலாம், ஏறுவது எலும்புக்கு நல்லதும்கூட. எனக்குப் பயம் இறங்குவதில்தான், பால் சிந்திய படி எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று பால்குடம் எடுக்க வேண்டாம், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், கைப்பிடிக் கம்பியை ஒட்டியே போங்கள், பேரன் முன்னால் இறங்கட்டும். தைப்பூசக் கூட்டத்தில் முடியாது என்று தோன்றினால் ஒரு வாரம் கழித்து சாதாரண நாளில், வெயில் ஏறுவதற்கு முன் போகலாம், முருகன் அங்கேயேதான் இருப்பார். அதற்கு முன்னால் ஒரு நாள் மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக் மருந்தாளரிடம் போய் உட்காருங்கள், பெயரில்லாத அந்த உறையையும் மறக்காமல் கொண்டு போங்கள்.